“இன்னும் ஏறலையே!” – பதின்வயது மூளையும் குடியும்

பதினாறு வயதுப் பையன் ஒருவன் நாலு ரவுண்டு முடித்துவிட்டு எழுந்து, கால் பின்னாமல் நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறான். “இன்னும் ஏறலையே” என்கிறான். கூட இருப்பவர்கள் அதற்குக் கெப்பாசிட்டி என்று பெயர் வைக்கிறார்கள். அவனும் அதை நம்பி அடுத்த ரவுண்டை ஊற்றுகிறான். அதே அளவைக் குடித்த நாற்பது வயதுக்காரருக்கு இந்நேரம் நாக்குக் குழறியிருக்கும், கண் சொருகியிருக்கும். போதும் என்று கிளாஸைத் தள்ளி வைத்திருப்பார்.

பையனுக்கும் ஏறித்தான் இருக்கிறது. ஏறியதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மணி அவன் வயதில் தாமதமாக அடிக்கிறது. பதின்வயதுக் குடியைப் பற்றிப் பேசும்போது ஈரல், படிப்பு, விபத்து, ஒழுக்கம் என்று எல்லாம் பேசுகிறோம். இந்த மணி விஷயத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. மற்ற கேடுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் எண்ணம்.

ஆல்கஹால் மூளைக்குள் போனதும் முக்கியமாக இரண்டு இடங்களில் கை வைக்கிறது. நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. அவற்றைத் தூண்டிவிடும் க்ளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் இரண்டிலும் காபாவுக்குப் பெரிய பங்கு. க்ளூட்டமேட் பக்கத்தில், அது கொண்டுவரும் செய்தியை வாங்கும் என்எம்டிஏ என்ற ஏற்பி அடைபட்டால் புதிய நினைவு பதிவது தடைபடும். வளர்ந்தவருக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் சீக்கிரமே வந்து, இதற்கு மேல் குடிக்க விடாமல் ஓரளவு தடுத்துவிடும். பதின்வயதில் அந்தத் தடுப்பு பலவீனம். நினைவைக் கெடுக்கும் வேலை மட்டும் குறைவில்லாமல் நடக்கும்.

இது முதலில் தெரிய வந்தது எலிகளிடம். பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்பியர் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், இளம்பருவ எலிகளுக்கு வளர்ந்த எலிகளைவிடத் தூக்கமும் தள்ளாட்டமும் குறைவாகவே வந்தன. மறுநாள் வரும் ஹேங்ஓவர் பதற்றமும் குறைவுதான். டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டர் குழு இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் மறைத்து வைத்த மேடை எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும் சோதனையில், ஆல்கஹால் கொடுத்த இளம் எலிகள் வளர்ந்தவற்றைவிட மோசமாகத் திணறின. நடையில் தெரியாத பாதிப்பு நினைவில் தெரிந்தது.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் ஊற்றிக் கொடுத்து இதைச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. சட்டப்படி குடிக்கும் வயது வந்தவர்களில் இளையவர்களை வைத்து 1998-இல் ஸ்வார்ட்ஸ்வெல்டர் குழு ஒரு சோதனை செய்தது. உடல் எடைக்கு ஏற்ற ஒரே அளவு கொடுத்தபோது, 25 முதல் 29 வயதுக்காரர்களைவிட 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு நினைவாற்றல் அதிகமாகச் சரிந்தது. நாலைந்து வருட வயது வித்தியாசத்திலேயே இது தெரிகிறது.

அந்த வயதில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். மூளையின் அளவு பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே பெரியவர்களுடையதை ஏறக்குறைய எட்டிவிடும். அதற்குப் பிறகு நடப்பது செப்பனிடும் வேலை. அடிக்கடி பயன்படும் நரம்பிணைப்புகள் பலப்படும், பயன்படாதவை கத்தரிக்கப்படும். தங்கும் நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை ஏறும், அதனால் செய்தி வேகமாக ஓடும். இந்த வேலை மூளையின் பின்பக்கத்தில் தொடங்கி முன்பக்கம் நோக்கி வருகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்புறணி கடைசி. திட்டமிடுவது, பின்விளைவை எடை போடுவது, “வேண்டாம், போதும்” என்று கையைப் பிடிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அந்த வேலை முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். ஆசையையும் பரபரப்பையும் தூண்டும் உட்பகுதிகள் அதற்கு வெகு முன்பே முழுவேகத்துக்கு வந்துவிடும்.

ஆக, 15 வயதில் அடிக்கும் சரக்கு இறங்குவது வேலை நடந்துகொண்டிருக்கும் மூளைக்குள். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய என்கண்டா என்ற கூட்டாய்வு, 12 முதல் 21 வயதுக்குட்பட்ட 831 பேரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் மூளையை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து பார்த்தது. அதிகமாகக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு மூளை முன்பகுதியில் நரம்பணுக்களும் இணைப்புகளும் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் இயல்பைவிட வேகமாகக் குறைந்தது. உறை ஏறிய இழைகளாலான வெண்பொருள் வளர வேண்டிய வேகத்தில் வளரவில்லை. அதாவது கத்தரிப்பு கூடிவிட்டது, உறை ஏறுவது பின்தங்கிவிட்டது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், பதின்வயதில் குடிநோய்க்கு ஆளான 12 பேரை ஸ்கேன் செய்த ஒரு சிறிய ஆய்வு, நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் அவர்களுக்குச் சிறுத்திருப்பதைக் காட்டியது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். மூளை முதலிலேயே அப்படி இருந்ததால்தான் அவர்கள் குடிக்கப் போனார்களோ? அதிலும் ஓரளவு உண்மை உண்டு. தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்த பிள்ளைகள் சீக்கிரம் குடிக்கத் தொடங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் குடிக்கும் முன்பே ஒருமுறை, தொடங்கிய பின் பலமுறை என்று ஒரே ஆளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்யும் ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். முன்பிருந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகும், குடியால் வந்த மாற்றம் தனியாகத் தெரிகிறது.

அளவுக்கு வருவோம். “ரெண்டே ரெண்டு பெக்தான்” என்ற பேச்சுக்கு எடை தெரியாமல் பொருள் இல்லை. குடித்த மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.789-ஆல் பெருக்கினால் உடம்புக்குள் போன தூய ஆல்கஹால் எத்தனை கிராம் என்று கிடைக்கும். 5 சதவீத பீர் 500 மில்லி என்றால் சுமார் 20 கிராம். அதே 500 மில்லி 8 சதவீத பீராக இருந்தால் 32 கிராமுக்குப் பக்கம். 40 சதவீத விஸ்கியோ பிராந்தியோ 120 மில்லி, அதாவது 60 மில்லி வீதம் இரண்டு பெக் என்றால் 38 கிராம்.

ரத்தத்தில் அது எவ்வளவு ஏறும் என்பதற்கு, ஸ்வீடன் விஞ்ஞானி எரிக் விட்மார்க் 1930-களில் கொடுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிராமை உடல் எடையால் வகுத்து, ஆணுக்கு 0.68, பெண்ணுக்கு 0.55 என்ற எண்ணாலும் வகுக்க வேண்டும். வருவது கிலோவுக்கு இத்தனை கிராம். அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய சதவீதம். மேலே சொன்ன இரண்டு பெக்கை 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் சட்டென்று குடித்தால் சுமார் 0.08 சதவீதம் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் இந்த அளவை எட்டும் குடியைத்தான் அமெரிக்க மதுப் பாதிப்பு ஆய்வு நிறுவனம் மிகைக்குடி என்கிறது. 50 கிலோ பையனுக்கு அதே இரண்டு பெக் 0.11. 45 கிலோ பெண்ணுக்கு 0.15. மூன்றாவது பெக்கும் உள்ளே போனால் அந்தப் பையனுக்கு 0.17, பெண்ணுக்கு 0.23. கிளாஸில் இருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான், ரத்தத்தில் ஏறுவது வெவ்வேறு.

இப்போது இறங்குவதைப் பாருங்கள். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 0.015 சதவீதம்தான் கழிக்கும். 0.17-இல் இருக்கும் பையன் இரவு பத்து மணிக்கு நிறுத்தினால், காலை எட்டு மணிக்குத் தேர்வு எழுத உட்காரும்போதும் 0.02 மிச்சம் இருக்கும். இரவெல்லாம் தூங்கி எழுந்தவன் தெளிந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொள்வான்.

அந்த 0.16, 0.17 என்ற எல்லையில்தான் பிளாக் அவுட், அதாவது முழித்திருக்கும்போதே நினைவு பதியாமல் போவது, அதிகம் நடக்கிறது. வெறும் வயிற்றில், வேகவேகமாக அடித்தால் அதற்குக் கீழேயே நடக்கும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகத்தில் ஏறியது என்பதும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கிறது. இதில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மட்டையாவது வேறு, பிளாக் அவுட் வேறு. மட்டையானவன் மயக்கத்தில் கிடக்கிறான். பிளாக் அவுட்டில் இருப்பவன் பேசுவான், ஆடுவான், வண்டி ஓட்டுவான், சண்டை போடுவான், மெசேஜ் அனுப்புவான். ஹிப்போகேம்பஸ் மட்டும் பதிவை நிறுத்தியிருக்கும்.

1970-இல் டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவர் குடிநோய் உள்ள பெரியவர்களிடம் இதைச் சோதித்தார். அவர்களை நான்கு மணி நேரம்போலக் குடிக்கவைத்து, இடையில் பொம்மைகளையும் படக்காட்சிகளையும் காட்டினார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டபோது சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது அவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் நினைவில் இல்லை, மறுநாளும் திரும்பவில்லை. கையில் இருக்கும் பேச்சைத் தொடரும் அளவுக்குச் சில நிமிட நினைவு வேலை செய்கிறது, அது நிரந்தரப் பதிவுக்குப் போவதில்லை. அதனால்தான் பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. ஒரு அடையாளம் உண்டு. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் தடவை கேட்பதைப் போலவே கேட்பான். “பைக் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று மூன்றாவது முறை கேட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள், அடுத்த கிளாஸையும் கொடுக்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு முன் நடந்த ஏதாவது ஒன்றைச் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சில இடங்கள் மட்டும் விட்டுப்போயிருந்தால், யாராவது எடுத்துக் கொடுக்கும்போது கொஞ்சம் நினைவுக்கு வரும். முழுதாக விழுந்த ஓட்டை எத்தனை பேர் சொன்னாலும் நிரம்பாது, ஏனென்றால் எடுக்க அங்கே எதுவும் பதியவில்லை. “நைட் என்ன நடந்துச்சுன்னே தெரியல மச்சான்” என்று சிரித்துக்கொண்டே சொல்வது பிள்ளைகளுக்குள் வீரக்கதை. மருத்துவக் கண்ணில் அது மூளையின் ஒரு உறுப்பு சில மணி நேரம் செயலிழந்ததற்கான வாக்குமூலம்.

வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே இரவில் அடித்துத் தீர்ப்பது இந்த வயதின் வழக்கம். தினம் குடிப்பதில்லையே என்பது சமாதானம். மூளைக்கு அந்த ஏற்ற இறக்கமே தனிச் சுமை. ஆல்கஹால் அடக்கி வைத்த க்ளூட்டமேட், போதை இறங்கும்போது எகிறிக் கிளம்பும். அளவுக்கு மீறிய அந்தத் தூண்டுதல் நரம்பணுக்களுக்கு நஞ்சு. ஒவ்வொரு மிகைக்குடிக்குப் பிறகும், குடி நின்றதும் உடம்பு தவிக்கும் விலகல் நிலை சிறிய அளவில் வந்துபோகிறது. தூக்கமும் கெடுகிறது. குடித்துவிட்டுப் படுத்தால் சீக்கிரம் தூங்கிவிடலாம், ஆனால் இரவின் முதல் பாதியில் கனவுத் தூக்கம் குறையும், பின்பாதியில் தூக்கம் துண்டுதுண்டாகும். பகலில் படித்தது தூக்கத்தில்தான் ஊறி நிலைக்கிறது. குடிக்கும் முன் நன்றாகப் படித்த பாடமும் அந்த இரவில் நழுவ அதுவே வழி.

நீண்ட கால விளைவில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பதற்றம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபுல்டன் க்ரூஸ் குழு இளம்பருவ எலிகளுக்கு விட்டுவிட்டு மிகைக்குடி கொடுத்து, பிறகு நிறுத்தி, அவை வளரும்வரை காத்திருந்து பார்த்தது. ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணு உருவாவது வளர்ந்த பிறகும் குறைந்தே இருந்தது. மூளையில் அழற்சியின் தடயங்களும் தங்கியிருந்தன. சிகாகோவில் சுபாஷ் பாண்டே குழு, பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலாவில் மரபணுக்கள் இயங்கும் விதமே மாறிப்போனதைக் கண்டது. அந்த எலிகள் வளர்ந்த பின் பதற்றம் கூடியவையாக இருந்தன, அதிகமாகவும் குடித்தன. எலிக்குப் பொருந்துவது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதற்றத்தைத் தணிக்கக் குடிப்பதும், குடித்ததால் பதற்றம் கூடுவதும் மனிதரிடம் நன்றாகத் தெரிந்த சுழல். அமெரிக்காவில் 1990-களில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் பிற்பாடு குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதன் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம்தான்.

“வெளியே போய்க் குடிக்கிறதுக்கு வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கலாம்” என்று நல்லெண்ணத்தோடு செய்யும் பெற்றோர் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,900 பிள்ளைகளை 6 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பெற்றோர் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை, மிகைக்குடிதான் கூடியிருந்தது. தாமதமாக அடிக்கும் மணியைப் பழக்கத்தால் சீக்கிரம் அடிக்க வைக்க முடியாது. பழகப் பழக அது இன்னும் தாமதமாகும்.

ஒரு பிள்ளை அளவு மீறிக் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் முதலில் மூச்சை எண்ணுங்கள், கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம். எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடி இடைவெளி விழுந்தாலோ ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். தட்டியும் கிள்ளியும் எழுப்ப முடியவில்லை, உதடோ நகமோ நீலம் பாரிக்கிறது, உடம்பு சில்லிட்டுப் பிசுபிசுக்கிறது, வலிப்பு வருகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அப்படியே. “தூங்கட்டும், காலைல சரியாயிடும்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் உயிரைக் கொல்லும் தவறு. கடைசி கிளாஸ் முடிந்த பிறகும் வயிற்றிலும் குடலிலும் இருப்பது அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது இருந்த நிலையைவிட ஒரு மணி நேரம் கழித்து மோசமாகலாம். மூச்சை இயக்கும் மூளைத்தண்டும், தொண்டையில் எது சிக்கினாலும் வெளியே தள்ளும் அனிச்சைச் செயலும் அப்போது அடங்கிப்போகும். மல்லாந்து கிடப்பவனுக்கு வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும்.

அதனால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கம் இருக்கும் கையை அவன் உடம்புக்குச் செங்குத்தாக விரித்து வையுங்கள். மறுபக்கக் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்க முழங்காலை மடக்கி, அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்தால் உடம்பு தானாகப் புரளும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி விடுங்கள். மேலே போர்த்துங்கள். ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கறுப்புக் காபி ஆல்கஹாலைக் குறைக்காது, முழித்திருக்கும் குடிகாரனைத்தான் உண்டாக்கும். தலையில் குளிர்ந்த நீர் ஊற்றினால், ஏற்கெனவே வெப்பம் இழந்துகொண்டிருக்கும் உடம்பு இன்னும் சில்லிடும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தால் புரையேறும். மருத்துவக் குழு வந்தால் என்ன குடித்தான், எவ்வளவு, எப்போது தொடங்கினான், கூடவே மாத்திரை ஏதாவது போட்டானா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரையோ ஓபியாய்டு வகை வலி மாத்திரையோ சேர்ந்திருந்தால் மூச்சு நிற்கும் வாய்ப்பு பல மடங்கு. எங்காவது விழுந்தானா என்பதையும் சொல்லுங்கள். தலைக்காயத்தின் மயக்கத்தைப் போதை என்று நினைத்து விட்டுவிடுவது உண்டு. சிறு வயதில் ரத்தச் சர்க்கரையும் சட்டென்று இறங்கும். சாப்பிடாமல் குடித்தவனுக்கு வரும் வலிப்புக்கு அதுவும் காரணமாகலாம்.

மறுநாள் பேசும்போது “எவ்வளவு குடிச்ச?” என்று தொடங்கினால் பொய்தான் வரும். “எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே ஓட்டை எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும், ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஊகிக்கவும் முடியும். இதுபோல எத்தனை தடவை ஆகியிருக்கிறது, முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறதா, தனியாகக் குடிக்கிறானா என்பவை அடுத்தடுத்த கேள்விகள். ஒரே ஒரு முழு பிளாக் அவுட் ஆகியிருந்தாலும் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப்போகத் தயங்காதீர்கள்.

விட்டுவிட்டுக் குடித்தவன் அன்றோடு நிறுத்திவிடலாம். பல வாரங்களாகத் தினமும் நிறையக் குடித்து வந்தவனை மட்டும் வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்கு அடுத்த நாட்களில் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். அதைச் சமாளிக்க மருத்துவமனையில் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். நிறுத்திய முதல் மாதத்தில் மனநிலை தெளிவதைக் கூட இருப்பவர்களே பார்க்கலாம். நினைவும் கவனமும் அந்த வேகத்தில் திரும்புவதில்லை, மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் “குடியை விட்டும் மார்க் வரலையே” என்று கேட்டுவிடாதீர்கள்.